புலனறிவாதியின் முகூர்த்தம்

எங்கள் கலியாண அழைப்பிதழில் "புதிய நேரம்" என்ற இரண்டு சொற்களைப் போட மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அச்சகக்காரர் கெஞ்சினார். மாப்பிள்ளையாக வரவிருந்தவர் வாதாடினார். நான் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் புலனறிவாதம் என்ற ஒரு விஞ்ஞான மெய்யியல் கொள்கை என்று சொன்னால், என் சித்தி இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

முதலில் அந்த நேரக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மனம் மாறி அரை மணித்தியாலம். திருகோணமலை நகரத்தில் கந்தோர், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் புதிய நேரத்துக்கு மாறின. கடற்குடாவுக்கு அங்கால், இயக்கத்தின் கையில் இருந்த ஊர்களில் பழைய நேரமே ஓடியது. பஞ்சாங்கமும் ஐயரும் பழைய நேரம். ஆகவே லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் கடலைக் கடந்து அந்த ஊர்களுக்குப் போனால் அரை மணித்தியாலம் இளமையாகிவிடலாம். "எத்தினை மணி?" என்று யாராவது கேட்டால் "எந்த நேரத்திலை?" என்று திருப்பிக் கேட்பது எங்களுக்குப் பழகிப்போன மரியாதை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நகரத்தில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு "அளவையியலும் விஞ்ஞான முறையும்" என்ற பாடத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு அன்புவழிபுரத்தில். அந்த வீட்டிலிருந்து நாங்கள் மூன்று முறை மூட்டை கட்டியிருக்கிறோம். மூன்று முறையும் கதை கேட்டுத்தான். "வாறாங்களாம்" என்று ஒருவர் வேலிக்கு மேலால் சொல்வார். யார், எங்கிருந்து, கண்டது யார், ஒன்றும் தெரியாது. ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் ஓடும். மூன்றாம் முறை அம்மா மீன் குழம்பை அடுப்படியில் விட்டுவிட்டு ஓடினார். இரண்டு நாள் கோயில் மடத்தில் படுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தது பூனை மட்டும்தான். உண்மையாகவே ஏதாவது நடந்த நாட்களில் ஒருவரும் முன்கூட்டி ஒரு கதையும் சொன்னதில்லை.

இப்படி வளர்ந்த எனக்கு, வெளிவாரிப் பட்டத்துக்கு மெய்யியல் படித்தபோது புலனறிவாதம் கிடைத்தது. தொலைந்த சாவி கிடைத்தது போல என்று சொல்லலாம். அது சொல்வது இவ்வளவுதான்: ஒரு வசனம் உண்மையா பொய்யா என்று கண்ணாலும் காதாலும், அதாவது அனுபவத்தால், சரிபார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். அல்லது கணிதம் போல, சொற்களின் பொருளாலேயே அது உண்மையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வசனம் பொய்கூட இல்லை, வெறும் சத்தம். விஞ்ஞானம் என்பது சுத்தமான அவதானங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு. ஐரோப்பிய நகரம் ஒன்றில் சில அறிஞர்கள் கூடிப் பேசிப் பேசி இந்தக் கொள்கையைக் கூர்மையாக்கினார்கள் என்று என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. அவர்கள் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்திருக்க வேண்டியவர்கள் என்று எனக்குப் பட்டது. "நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்கும் உரிமையை எனக்குத் தந்தவர்கள் அவர்கள்தான்.

கேட்டேன். ஒருவரையும் விடாமல் கேட்டேன். மீன்காரர், பக்கத்து வீட்டு அக்கா, கிரக பலன் சொல்ல வந்தவர், எல்லாரும் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகத் தொடங்கினார்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். "இவளோட கதைச்சுத் தாக்குப்பிடிக்கிற ஆம்பிளை இன்னும் பிறக்கேல்லை," என்று அவரே ஒரு நாள் சொல்லிவிட்டார்.

பிறந்துதான் இருந்தார். விஞ்ஞான முறையின் பின்பாதியைப் படிப்பிக்க டியூட்டரிக்கு ஒரு புதிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். குடாவுக்கு அங்கால் உள்ள ஒரு வயற்கிராமம் அவருடைய ஊர். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துவிட்டு நகரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். பாடத்திட்டத்தில் புலனறிவாதம் வரைக்கும் எனக்கு. அதன் விமர்சகர்களிலிருந்து அவருக்கு. செவ்வாய்க்கிழமை நான் கட்டிய வீட்டை வியாழக்கிழமை அவர் வந்து இடிப்பார்.

அவருடைய முதல் வகுப்பைக் கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"டீச்சர் தந்தது நல்ல அளவுகோல்," என்று தொடங்கினார். "அதை அதாலயே ஒருக்கா அளந்து பாப்பம். சரிபாக்க ஏலாத வசனத்துக்கு அர்த்தமில்லை. சரி. இந்த வசனத்தை எந்தக் கண்ணாலை சரிபாக்கிறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த செவ்வாய், "அது செய்தி இல்லை, விதி. வீதியிலை இடப்பக்கத்தாலை போ எண்டு சொன்னா, அது உண்மையோ பொய்யோ எண்டு ஆரும் கேப்பினமோ?" என்று திருப்பிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அவர் துறைமுகத்தைக் கையில் எடுத்தார். "இஞ்ச வாற கப்பலெல்லாம் சாம்பல் நிறம் எண்டு வையுங்கோ. நூறு கப்பல் பாத்தாச்சு. நூற்றியோராவது கோதுமை ஏத்தின சிவப்புக் கப்பல். எத்தினை பாத்தாலும் 'எல்லாம்' எண்டதைச் சரிபாத்து முடிக்க ஏலாது. ஒரேயொரு சிவப்புக் கப்பல் அதைப் பொய்யாக்கிப் போடும். அதாலை விஞ்ஞானி தன்ர கொள்கைக்குச் சாட்சி தேடுற ஆளில்லை. அதை விழுத்திப் பாக்கிற ஆள்." பொய்ப்பித்தல் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு வியாழன், விஞ்ஞானம் கல் கல்லாக வளர்வதில்லை, சில வேளைகளில் வீடே மாறிவிடுகிறது என்ற விமர்சனத்துக்கு வந்தார். உதாரணம் எங்கள் கடிகாரம். "அண்டைக்கு இரவு ஊரே படுக்கப் போனது ஒரு உலகத்திலை, எழும்பினது வேற உலகத்திலை," என்றார். மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு வாய் அடங்கவில்லை. "சூரியன் ஒண்டுதானே, சேர்!" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு ஒட்டுக்கேட்பதில் அர்த்தமில்லை என்று உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்துகொண்டேன்.

என்னை உண்மையாக அசைத்தது ஒரு சத்தம். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து மீட்டல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது "டும்" என்று கேட்டது. மூதூரிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை மேசைக்குக் கீழே போய்விட்டாள். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தன் பேனையைக்கூட வைக்கவில்லை. "டைனமைற். மீனுக்கு அடிக்கிறாங்கள்," என்றான். துறைமுகத்துக்குக் கிட்ட வீடுள்ளவள், "நேவி தண்ணிக்குள்ள போடுற வெடி," என்றாள். சுழியோடிகள் வந்து கப்பலுக்குக் குண்டு வைக்காமல் இருக்கக் கடற்படை அப்படிப் போடுவது வழக்கம். நான் என் குணத்தின்படி, "முதலிலை கேட்டதை மட்டும் சொல்லுங்கோ. விளக்கம் பிறகு," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டதே வேற வேற, டீச்சர். அவ கேட்டது ஷெல். அவன் கேட்டது மீன்."

அவதானம் வெறுங்கையோடு வருவதில்லை, நாங்கள் ஏற்கெனவே நம்புகிற ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பது விமர்சகர்களின் பெரிய வாதம். பல முறை படித்திருக்கிறேன். மேசைக்குக் கீழே இருந்து அந்தப் பிள்ளை வெளியே வந்த முகத்தைக் கண்ட பிறகுதான் எனக்கு அது விளங்கியது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் லொறி ஒன்றின் ரயர் வெடித்துக் கிடந்தது. மூவரும் பிழை, அதை நான் கண்ணால் கண்டேன். அந்தத் திருப்தியையாவது எனக்கு விட்டுவையுங்கள்.

இப்படிச் சண்டை பிடித்தே ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில், "டீச்சர், எனக்கு உங்களிலை விருப்பம். இது சரிபாக்கக் கூடிய வசனம்," என்றார்.

"எப்பிடிச் சரிபாக்கிறது?"

"அவதானிச்சுக்கொண்டிருங்கோ."

அவதானித்தேன். அவதானித்ததில் எனக்கும் அவரில் விருப்பம் என்று தெரிந்தது. அப்பா அவரை ஒரு முறை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் வாதாடுவதைப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காணும், நாள் பாப்பம்," என்று எழும்பினார்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, முகூர்த்தம் பத்து நாற்பது முதல் பதினொன்றரை வரை என்றார். பழைய நேரம். நான் அரை மணித்தியாலம் கூட்டி, முகூர்த்தம் பதினொன்று பத்து முதல் பன்னிரண்டு வரை, மாப்பிள்ளை அழைப்பு பத்து மணி என்று எழுதி அச்சகத்தில் கொடுத்தேன்.

"பக்கத்திலை புதிய நேரம் எண்டு போடுவம், தங்கச்சி," என்றார் அச்சகக்காரர். "எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

"வேண்டாம். கடிகாரம் காட்டுறது நேரம். அதுக்கு ஏன் விளக்கவுரை?"

"எந்தக் கடிகாரம் எண்டதுதானே கேள்வி," என்றார் என்னவர். "எங்கட ஆக்கள் பழைய நேரம் எண்டு எடுப்பினம்."

"நீங்கள் அவையோடதானே இருக்கப் போறீங்கள். நீங்கள் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு தோல்வியை ஒப்புக்கொண்டார். அழைப்பிதழ் வெறும் இலக்கங்களோடு அச்சாகி வந்தது. ஓர் அவதானக் கூற்று எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளை தன் வீட்டிலிருந்துதான் புறப்பட்டு வர வேண்டும் என்பது அவர்கள் பக்க வழக்கம். ஆகவே மூன்று நாள் முன்னரே அவர் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரும் வழி லேசானதில்லை. ஊரிலிருந்து உழவு இயந்திரத்தில் இராணுவச் சோதனைச் சாவடி வரை வர வேண்டும். அங்கே இறங்கி, பொதிகளை அவிழ்த்து, அடையாள அட்டையைக் காட்டி, விட்டால் இந்தப் பக்கம் வந்து மூதூரில் லோஞ்ச் எடுக்க வேண்டும். முதல் லோஞ்ச் புதிய நேரம் ஒன்பது மணிக்குத் திருகோணமலை வரும். அதில் வருவதாக ஏற்பாடு. அடுத்தது பத்தே காலுக்கு.

ஒன்பதே காலுக்கு, அவர்களை எதிர்கொள்ளப் போயிருந்த சித்தப்பா இறங்குதுறையிலிருந்து சைக்கிளில் கலியாணக் கோயிலுக்கு வந்தார். "லோஞ்ச் வந்திட்டுது. அவை ஒருத்தரும் இல்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் இறங்குதுறைக்கே போனார்.

குறை சொல்ல முடியாத அவதானக் கூற்று. கண்ணால் கண்டவர் சொன்னது. ஆனால் அதைக் கேட்ட ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கொள்கையோடு புறப்பட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை என் வாய்க்குப் பயந்து பின்வாங்கிவிட்டார் என்றார் சித்தி. கடல் கொந்தளிப்பு என்று சமையற்காரர் சோற்றுக் கிடாரத்தை மூடினார். சீதனத்தில் ஏதோ மனக்குறை என்று ஒன்றுவிட்ட அண்ணா குரலைத் தாழ்த்தினார். அப்பா மட்டும் வாசலில் போய் நின்றார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். சோதனைச் சாவடியில் ஆண்களை மறித்து உள்ளே எடுப்பார்கள். சிலர் ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்தார்கள், சிலர் ஒரு வருடத்தில். சிலரைப் பற்றிக் கதை மட்டும் வந்தது.

பத்து மணியானது. பத்தேகால் ஆனது. பட்டுச் சேலையும் நகையுமாகக் கோயிலின் பின்னறையில் இருந்தேன். பூவின் வாசனை தலையை இடித்தது. அவரோடு இனி எந்த வியாழக்கிழமையும் சண்டை பிடிக்க முடியாமற் போகலாம் என்ற எண்ணம் வந்தது. "பிள்ளையாரே, ஆளைக் கொண்டுவந்து விடும். வேற ஒண்டும் கேக்க மாட்டன்," என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன், சித்தி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் வகுப்புக் குறிப்பின்படி அந்த வசனம் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, வெறும் சத்தம். அதைவிட மனதாரப் பேசிய வசனம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

பத்தரை தாண்டி வெளியே சைக்கிள் மணி விடாமல் அடித்தது. சித்தப்பா இறங்கும் முன்பே கத்தினார்: "வருகினம்! வருகினம்! நேரம் மாறிப்போச்சாம்! பழைய நேரத்துக்கு வந்திருக்கினம்!"

பின்னாலேயே ஒரு வானும் இரண்டு ஓட்டோக்களும் வந்தன. அவர் இறங்கி, எல்லாருக்கும் தெரியும்படி மணிக்கூட்டுக் கையை உயர்த்திப் பிடித்தார். பத்து எட்டு. சித்தப்பாவின் மணிக்கூட்டில் பத்து முப்பத்தெட்டு.

"எட்டே எட்டு நிமிஷம்தான் பிந்தினனான்," என்றார். "கார்ட்டிலை எந்த நேரம் எண்டு போடேல்லையே, டீச்சர். நானும் மறந்து போனன்."

கோயிலே சிரித்தது. அவருடைய தங்கைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அப்பா பல்லுத் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "வாங்கோ, வாங்கோ, மந்திரத்தை நான் சுருக்கிறன்," என்று ஐயர் அவசரப்படுத்தினார். அப்படிச் சுருக்கியும் பதினொன்று ஐம்பதுக்குத்தான் தாலி ஏறியது. அத்தனை பேரில் சிரிக்காதவர் ஒருவர்தான், அவருடைய அம்மா. கூட்டத்துக்குப் பின்னால் தூணோடு ஒட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மாமிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அந்த நிமிடமே நான் முடிவு கட்டினேன்.

அதன்பிறகு ஊருக்கு நான்தான் வேடிக்கை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தி, "நேரம் என்ன, டீச்சர்? புதிசோ பழசோ?" என்பார். வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் இரண்டு கடிகாரம் கீறியிருக்கும், ஒன்றுக்குத் தாலி, மற்றதற்கு மீசை. நானும் பெருந்தன்மையாக, "மணி பத்து" என்ற கூற்றுக்கூட, எந்தக் கடிகாரம் என்று நாங்கள் கூடி உடன்பட்ட பிறகுதான் அர்த்தப்படுகிறது, விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று படிப்பித்தேன். வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை பிடித்தேன். "மறந்தது நீங்கள், பேச்சு எனக்கோ?"

"ஓம், ஓம், என்ர பிழைதான்," என்று அவர் சிரிப்பார். எதிர்வாதம் செய்யாமல் அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான். அதுவும் என் புத்தியில் உறைக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மாமி தயிர்ச் சட்டியும் புது அரிசியுமாக எங்களைப் பார்க்க வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன், அளந்துதான் பேசினேன். குசினிக்குள் வந்து, சொல்லாமலே திருவலையை எடுத்துப் போட்டுத் தேங்காய் துருவத் தொடங்கினார்.

"அண்டைக்குக் கோயிலிலை நான் உம்மட முகத்தைப் பாக்கேல்லைப் பிள்ளை," என்றார். "பாத்தா அழுதிருப்பன். அதுதான் தள்ளி நிண்டனான்."

"ஏன், மாமி?"

துருவுகிற சத்தம் நின்றது. "அவன் சொல்லேல்லையோ?"

பிறகு அவரே சொன்னார். பத்து என்றால் புதிய நேரம் பத்து என்று மூன்று நாளாக வீட்டில் எல்லாருடைய காதிலும் என்னவர் ஓதிக்கொண்டிருந்தாராம். அன்று காலை புதிய நேரம் ஏழுக்கே சோதனைச் சாவடிக்கு வந்துவிட்டார்கள். வரிசையிலிருந்து அவரை மட்டும் எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். மற்றவர்களைப் போகச் சொன்னார்கள், ஒருவரும் அசையவில்லை. ஒன்றே முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். முதல் லோஞ்ச் போய்விட்டது. அவர் வெளியே வந்தபோது கையில் எங்கள் கலியாண அழைப்பிதழ் கசங்கி இருந்ததாம்.

"லோஞ்சிலை ஏறினவுடனை மணிக்கூட்டைக் கழட்டி அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினவன்," என்றார் மாமி. "நேரம் மாறிப்போச்சு எண்டு சொல்லுவம், எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இறங்குங்கோ எண்டவன். பெட்டையள் ரெண்டும் லோஞ்சுக்குள்ளயே சிரிச்சுப் பழகினவை. எனக்குத்தான் வரேல்லை."

எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. புதிய நேரம் என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்; அச்சகத்தில் அதைச் சொல்லி அனுப்பியவளே நான். அளவையியல் படிப்பிக்கிற ஒருத்திக்கு "மறந்து போனன்" என்ற அந்தச் சொல் ஒன்றே அது பொய் என்று காட்டியிருக்க வேண்டும். மணிக்கூட்டில் பத்து எட்டு என்று கண்ணால் கண்டேன், கண்டது எனக்குப் போதுமாக இருந்தது. அழுகையை அடக்கத் தள்ளி நின்ற ஒரு மனுஷியையும் கண்ணால் கண்டேன், கர்வக்காரி என்று எழுதிவைத்தேன். வெட்கமாக இருந்தது. மாமியின் கையிலிருந்த தேங்காய்ப் பாதியை வாங்கி நான் துருவினேன். துருவல் முழுக்க என் கண்ணீர்தான் விழுந்தது.

பின்னேரம் அவர் வகுப்பு முடிந்து வந்து சைக்கிளை வேலியோடு சாத்தினார். நான் படலையடியிலேயே மறித்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் எனக்குப் பின்னால் நின்ற தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வழக்கம்போல ஒரு மறுப்பைக் கைவசம் வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

"வந்து இறங்கேக்க உங்கட அப்பா வாசலிலை நிண்டவர்," என்றார். "அவருக்குச் சொல்லத் தொடங்கினா நானும் அழுதிருப்பன். அழுதுகொண்டு தாலி கட்டினா வடிவா இராது, டீச்சர்."